தெலிகோம் பங்குகள்: ஒதுக்கியது 1 கோடி, வந்தது 10 லட்சம்

1972-இல் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, பொருளாதார மாற்றம் என்றால் தொழிற்சாலை வேலை. 1983-இல் பிரதமர் மகாதீர் தனியார்மயக் கொள்கையை அறிவித்த பின் அது பங்குகளாகவும் வந்தது.

அரசு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போது, பங்குகளில் ஒரு பகுதியை நிதியமைச்சு தான் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வெளியீட்டு விலையில் ஒதுக்கும். சந்தையில் விலை ஏறினால் இலாபம் அவர்களுக்கு. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

1982-இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்சில் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட ஏறக்குறைய 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டனர். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு.

1990-இல் தெலிகோம் பங்குகள் வெளியானபோது மைக்காவுக்கென ஒதுக்கப்பட்டவை 1 கோடி, தலா 5 வெள்ளி. மைக்காவுக்குக் கிடைத்ததோ 10 லட்சம்தான். மீதி 90 லட்சம் மூன்று தனியார் நிறுவனங்களுக்குப் போனது. 1992-இல் இது வெளியே வந்தது. எல்லாவற்றையும் வாங்க மைக்காவிடம் பணமில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, ம.இ.கா. தலைவர் சாமிவேலு மீது வழக்கு வரவில்லை. பணமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்த மூன்று நிறுவனங்கள் எந்த விதிப்படி தேர்வாயின என்பதைப் பங்குதாரர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2010-இல் மைக்கா பங்குகளை வாங்க முன்வந்த நிறுவனம் கொடுத்த விலை 80 சென். மக்கள் போட்டது 1 வெள்ளி.