வெளிநாட்டுப் பணியமர்த்தலில் சம்பள நிர்ணயம்

வெளிநாட்டுப் பணியமர்த்தலில் சம்பள நிர்ணயம் என்பது, ஒரு நாட்டில் தலைமையகம் கொண்ட நிறுவனம் வேறொரு நாட்டில் வாழும் ஊழியருக்கு வழங்கும் ஊதியத்தை முடிவு செய்யும் முறையாகும். தலைமையகத்தில் வழங்கப்படும் சம்பளத்தை நாணயமாற்று வீதத்தால் பெருக்கினால் கிடைக்கும் தொகை பெரும்பாலும் போட்டிச் சம்பளமாக அமைவதில்லை. பணி நடைபெறும் ஊரில் அதே திறனுக்குப் பிற நிறுவனங்கள் எவ்வளவு வழங்குகின்றன என்பதும், அந்நாட்டுச் சட்டம் சம்பளத்துடன் எவற்றைச் சேர்க்கின்றது என்பதுமே அதனைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரையில் இந்தியாவில் மென்பொருள் பொறியாளர்களைப் பணியமர்த்துவது முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டவற்றுள் பன்னாட்டு அமைப்புகள் குறிப்பிடத்தக்கவை. 1921 இல் ஜார்ஜ் நோபிள்மேர் தலைமையிலான குழு, உலக நாடுகள் சங்கத்தின் பன்னாட்டு அலுவலர்களுக்கு, மிக உயர்ந்த ஊதியம் வழங்கும் நாட்டின் குடிமக்களையும் ஈர்க்கும் அளவுக்குச் சம்பளம் தேவை எனக் கருதியது. இது நோபிள்மேர் கொள்கை எனப்படுகின்றது. பின்னர் 1949 இல் ஐக்கிய நாடுகள் அவையில், உள்ளூரில் அமர்த்தப்படும் ஊழியர்களுக்கு அவ்வூரில் நிலவும் சிறந்த ஊதிய நிலைமைகளை அடிப்படையாகக் கொள்ளும் பிளெமிங் கொள்கை முன்வைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் சம்பள முறையில் இவ்விரு கொள்கைகளும் வெவ்வேறு பிரிவினருக்குப் பயன்படுகின்றன.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977 இல் ஏற்ற முத்தரப்புப் பிரகடனம், பன்னாட்டு நிறுவனங்கள் வழங்கும் ஊதியம், அந்நாட்டில் உள்ள ஒப்பிடத்தக்க வேலைவழங்குநர்கள் வழங்குவதைவிடக் குறைவாக இருத்தல் ஆகாது எனப் பரிந்துரைக்கின்றது. இது சட்டப்படி கட்டாயமானது அன்று.

நாணயமாற்றும் கொள்வனவு ஆற்றலும்

2017 ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தின்படி, இந்திய ரூபாயின் கொள்வனவு ஆற்றல் சமநிலை ஒரு டாலருக்கு 20.65 ரூபாய் ஆகும். அவ்வாண்டின் சந்தை மாற்று வீதம் 65.12 ரூபாய். எனவே அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,00,000 டாலர் பெறும் பொறியாளரின் சம்பளம், முதல் முறையில் 20.65 லட்சம் ரூபாயாகவும் இரண்டாம் முறையில் 65.12 லட்சம் ரூபாயாகவும் அமையும்.

இவ்விரண்டுமே பெங்களூரிலோ சென்னையிலோ அப்பொறியாளருக்கு உள்ள சந்தை விலையைக் காட்டுவதில்லை. கொள்வனவு ஆற்றல் சமநிலை, நாட்டின் ஒட்டுமொத்தப் பொருள் மற்றும் சேவை விலைகளை ஒப்பிடுகின்றது. குறிப்பிட்ட திறனுக்கான தேவையை அது அளப்பதில்லை. வீட்டு வேலைக்கான கூலி இந்தியாவில் குறைவு எனினும், மடிக்கணினியின் விலையும் வெளிநாட்டுக் கல்விக் கட்டணமும் அவ்வாறு குறைவதில்லை. மேலும், தேர்ந்த பொறியாளர் ஒருவருக்குப் பிற பன்னாட்டு நிறுவனங்களின் வாய்ப்புகளும் புலம்பெயரும் வாய்ப்பும் உள்ளன.

சந்தை ஊதியத்தை அறிதல்

சந்தை ஊதியத்தை அறியப் பின்வரும் படிமுறைகள் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன.

1. பதவியின் பெயரைக் கொண்டு ஒப்பிடாமல், பணியின் பொறுப்பையும் தேவையான அனுபவத்தையும் கொண்டு ஒப்பிடல். ஒரு நிறுவனத்தில் "மேலாளர்" எனப்படுபவர் மற்றொன்றில் மூத்த பொறியாளராக இருக்கக்கூடும்.
2. மெர்சர், ராட்போர்டு போன்ற ஊதிய ஆய்வுகளிலிருந்து அந்நகருக்கான தரவுகளைப் பெறுதல்.
3. சந்தையில் நிறுவனம் நிற்க விரும்பும் இடத்தைச் சதமானத்தால் குறித்தல். 50 ஆம் சதமானம் என்பது பாதிப்பேர் அதற்குக் கீழாகவும் பாதிப்பேர் மேலாகவும் பெறும் இடைநிலை ஊதியம். 75 ஆம் சதமானம் என்பது நால்வரில் மூவர் பெறுவதைவிட உயர்ந்த ஊதியம்.
4. அந்நாட்டு வேலைச் சந்தையின் வழக்கங்களைக் கருதுதல். இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் பணிவிலகல் அறிவிப்புக் காலம் 60 முதல் 90 நாட்கள் வரை நீள்கின்றது. இக்காலத்தில் பிற நிறுவனங்கள் கூடுதல் தொகை வழங்க முன்வரலாம் என்பதால், குறைவாகத் தொடங்கிப் பேரம் பேசும் நிறுவனம் ஆளை இழக்க நேரிடும்.

மொத்தச் செலவும் கைக்கு வரும் தொகையும்

இந்தியாவில் சம்பளம் பெரும்பாலும் "சிடிசி", அதாவது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்ற வடிவில் பேசப்படுகின்றது. இதில் வேலைவழங்குநர் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும், பல நிறுவனங்களில் பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் சிடிசி எனவும், அதில் அடிப்படைச் சம்பளம் 10 லட்சம் எனவும் கொள்வோம். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் வைப்பு நிதி செலுத்தப்பட்டால், 12% வீதத்தில் நிறுவனத்தின் பங்கு 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை ஒதுக்கீடு ஏறத்தாழ 48,000 ரூபாய். இவை போக எஞ்சுவது 18.32 லட்சம். ஊழியரின் பங்கான மற்றொரு 1,20,000 ரூபாயும் கழிந்தால், வருமான வரிக்கு முன் 17.12 லட்சம் ரூபாயே கைக்கு வரும். ஆகவே ஒரு நிறுவனம் கூறும் 20 லட்சம் மொத்தச் செலவையும், மற்றொன்று கூறும் 20 லட்சம் சம்பளத்தையும் சமமாகக் கருதுதல் பிழையாகும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, ஊதியத்தில் சேராத படிகள் மொத்த ஊதியத்தின் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கிடச் சொல்கின்றது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் பணிக்கொடை போன்ற பயன்களைக் குறைக்கும் வழக்கத்தை இது கட்டுப்படுத்துகின்றது.

பிற நாடுகளில் இச்சேர்க்கைகள் வேறுபடும். இலங்கையில் வேலைவழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 விழுக்காடும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 விழுக்காடும் செலுத்துகின்றார். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 விழுக்காடு செலுத்துகின்றார். பிலிப்பீன்சில் 1975 ஆம் ஆண்டின் ஆணைப்படி, மேலாளர் நிலைக்குக் கீழான ஊழியர்களுக்கு டிசம்பர் 24 ஆம் நாளுக்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வழங்கப்பட வேண்டும்.

ஊழியராக அன்றி ஒப்பந்தக்காரராக அமர்த்தப்படுபவருக்கு இத்தகைய பயன்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை. விடுப்பு, காப்பீடு, ஓய்வுகாலச் சேமிப்பு ஆகியவற்றை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஒரே தொகை இருவருக்கும் ஒரே மதிப்புடையதன்று.

நாணய இடர்

சம்பளம் எந்த நாணயத்தில் குறிக்கப்படுகின்றதோ, அதற்கேற்ப நாணய மதிப்பு மாற்றத்தின் சுமை நிறுவனத்தின் மீதோ ஊழியர் மீதோ விழுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்த ஒரு டாலரின் மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. இதனால் 2,00,000 ரூபாய் மாதச் சம்பளம் வழங்கிய வெளிநாட்டு நிறுவனத்தின் செலவு, 1,000 டாலரிலிருந்து ஏறத்தாழ 556 டாலராகக் குறைந்தது. ஊழியருக்குக் கிடைத்த ரூபாய்த் தொகை மாறவில்லை எனினும், அதனால் வாங்கக்கூடியவை வெகுவாகக் குறைந்தன. கொழும்பில் பணவீக்கம் அவ்வாண்டு செப்டம்பரில் 70 விழுக்காட்டை நெருங்கியது. மாற்று வீதம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் சம்பளம் மறுஆய்வு செய்யப்படும் என்ற விதியை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சேர்ப்பது இதற்கு ஒரு தீர்வாகும்.

விமர்சனங்கள்

ஒரே பணிக்கு ஊரைப் பொறுத்து வெவ்வேறு ஊதியம் வழங்குவது நீதியன்று என்பது உள்ளூர்ச் சந்தை முறை மீதான முதன்மை விமர்சனமாகும். தொலைநிலைப் பணி நிறுவனங்களுள் கிட்லாப், ஊருக்கேற்ற இடக் காரணியைக் கொண்டு சம்பளத்தைக் கணக்கிட்டது. பேஸ்கேம்ப், ஊழியர் எங்கு வசித்தாலும் சான் பிரான்சிஸ்கோ சந்தையையே அளவுகோலாகக் கொண்டது.

மறுபுறம், உள்ளூர் அளவை மிகவும் தாண்டிய ஊதியமும் தீங்கு விளைவிக்கக்கூடும். வெளிநாட்டு உதவி அமைப்புகளின் உயர்ந்த சம்பளம், ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளிலிருந்து மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஈர்த்துவிடுகின்றது என்ற கவலை நெடுங்காலமாக உள்ளது. 2008 இல் அரசு சாரா அமைப்புகள் சில இணைந்து வெளியிட்ட நடத்தைக் கோவை, பொதுச் சுகாதாரத் துறையைப் பலவீனப்படுத்தும் பணியமர்த்தல் முறைகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது.