கண் என்னும் கருவி – 11: கட்டுப் பிரித்த பிறகு

காலை ஆறரை மணிக்கெல்லாம் வார்டு விழித்துக்கொள்கிறது. முந்தைய நாள் ஆபரேஷன் ஆனவர்கள் ஒரு கண்ணில் பிளாஸ்திரியோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் பிளாஸ்திரியை நெற்றிப் பக்கமிருந்து மெல்ல உரித்து, பஞ்சை எடுக்கிறார். இமையோரம் காய்ந்திருக்கும் மருந்துப் பிசுக்கை, ஈரப் பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்கிறார். ஒரு பஞ்சுக்கு ஒரு துடைப்புதான். மறுபடி துடைக்க வேண்டுமென்றால் வேறு பஞ்சு.

"கண்ணத் தொறங்க பாட்டி. இது எத்தனை விரல்?"

"மூணு தாயி. நேத்துத்தான் செவத்துக்கு வெள்ளையடிச்சீகளா?"

மதுரைப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் கேட்கிற கேள்வி இது. சுவர் நேற்று இருந்தபடியேதான் இருக்கிறது. பாட்டியின் கண்ணுக்குள் அறுபது எழுபது வருடமாக மஞ்சளேறிப் போயிருந்த லென்ஸ்தான் இப்போது இல்லை.

சென்ற வாரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதைப் பார்த்தோம். சிக்கல் இல்லாத கண்புரை என்றால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. இந்த வாரம், அதற்கடுத்த ஐந்தாறு வாரங்கள். எந்த டாக்டர், எந்த லென்ஸ், எவ்வளவு செலவு, காப்பீட்டில் எவ்வளவு கழியும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் குடும்பமே கூடிப் பேசுகிறது. கட்டுப் பிரித்துப் பார்வை தெரிந்ததும், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே முடிந்தது மருத்துவரின் பங்கு. வீட்டாரின் பங்கு அப்போதுதான் தொடங்குகிறது.

நூறு வருடங்களுக்கு முன்னால் இந்தப் பங்கு முழுக்க ஆஸ்பத்திரியிடமே இருந்தது. அந்தக் காலத்து நோயாளி பட்ட பாட்டுக்கு நல்ல சாட்சி, பிரெஞ்சு ஓவியர் கிளோத் மோனே.

அல்லிக்குள ஓவியங்களால் உலகப் புகழ் பெற்ற மோனேவுக்கு 1912இல் இரண்டு கண்ணிலும் புரை என்று கண்டுபிடித்தார்கள். கத்திக்குப் பயந்து பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். முன்னாள் பிரதமரும் அடிப்படையில் மருத்துவருமான அவருடைய நண்பர் கிளெமான்சோ விடாமல் வற்புறுத்தியதால் கடைசியில் இறங்கிவந்தார். 1923 ஜனவரியில், பாரிஸை ஒட்டிய நெய்யியில், டாக்டர் சார்ல் கூத்தெலா அவருடைய வலது கண்ணில் இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்தார். மோனேவுக்கு அப்போது வயது 82.

பிறகுதான் சோதனை. இரண்டு கண்ணையும் கட்டி, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்து, அசையவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லென்ஸை முழுசாக எடுக்கக் கருவிழியின் ஓரத்தில் ஏறத்தாழ அரை வட்டம் திறக்க வேண்டியிருந்த காலம் அது. இருமினாலும் திமிறினாலும் காயம் விரிந்து, உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் ஆபத்து உண்டு. வாழ்நாளெல்லாம் வெளிச்சத்தைத் தேடி வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் நடந்த மனிதரால் இந்த இருட்டைத் தாங்க முடியவில்லை. பொறுமையிழந்து கட்டைப் பிய்த்தெறியப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் நிம்மதியில்லை. சில மாதங்களிலேயே பார்வை மறுபடி மங்கியது. லென்ஸ் இருந்த இடத்தில் மிஞ்சிய சவ்வு தடித்துவிட்டதால், ஜூலையில் கூத்தெலா மீண்டும் கத்தியை எடுக்க வேண்டியிருந்தது. கனத்த கண்ணாடி போட்டுப் பார்த்தால் பொருள்கள் பெரிதாகவும் வளைந்தும் தெரிந்தன. நிறங்கள் முதலில் மஞ்சளாகவும் பிறகு நீலமாகவும் மாறி மாறித் தொல்லை கொடுத்தன. ஆபரேஷனே செய்திருக்கக் கூடாது என்று மனம் வெறுத்துப்போனார். சாயமேற்றிய கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகி, மெல்லத் தூரிகையைக் கையிலெடுத்தார். 1926இல் இறக்கும்வரை வரைந்தார். இடது கண்ணைத் தொட மட்டும் கடைசிவரை யாரையும் அனுமதிக்கவில்லை.

கட்டைப் பிடுங்குவது, கண்ணாடியைக் குறை சொல்வது, இன்னொரு கண்ணுக்கு மாட்டேன் என்பது. உலகம் கொண்டாடிய ஓவியரும் நம் வீட்டுத் தாத்தாவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். தாத்தாவை வாட்டியெடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மோனேவின் அவதியில் பாதி, லென்ஸை எடுத்தார்களே தவிர அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை என்பதால் வந்தது. நம் ஊரிலும் நிலைமை அப்படியே இருந்தது. 1970களிலும் 80களிலும் கண் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களின் சோடாபுட்டிக் கண்ணாடியை இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. பிளஸ் 10 பவரை ஒட்டிய கண்ணாடி. அது எதையும் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். நேரே பார்ப்பது தெரியும். பக்கத்தில் வருகிற சைக்கிள் திடீரென்று எங்கிருந்தோ முளைத்ததுபோல வந்து நிற்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால், இரண்டு கண்ணும் இரண்டு அளவில் படம் அனுப்ப, மூளையால் சேர்க்க முடியாமல் உருவம் இரண்டிரண்டாகத் தெரியும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த மனிதருக்குப் பார்வையே போய்விட்ட மாதிரிதான். புதிது வாங்க வழியில்லாமல் அப்படியே முடங்கிப்போனவர்கள் ஏராளம்.

விடை கிடைத்தது போர் விமானங்களிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் மேற்கூரை சிதறி, அதன் துணுக்குகள் பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டன. கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை டாக்டர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 45 வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பொருத்தினார். சக மருத்துவர்கள் பல வருடங்கள் அவரை ஏற்கவே இல்லை. கண்ணுக்குள்ளிருந்து பொருளை எடுப்பதுதான் மருத்துவம், வைப்பது ஆபத்து என்றார்கள்.

அந்த லென்ஸ் உசிலம்பட்டிப் பாட்டிக்கு வந்துசேர இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, அந்த விரல்களிலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாமல் இருந்ததால், 1992இல் அரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையே உருவானது. நூறு டாலரை ஒட்டி விற்ற பொருள் பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. இன்று மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. நம் மாநிலம் வாய்விட்டுப் பெருமைப்படலாம்.

லென்ஸோடு காயமும் சுருங்கியது. சிறு துளை ஆபரேஷனில் வெட்டு ஆறு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அல்ட்ராசவுண்டால் புரையைக் கரைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. வெட்டைச் சாய்வாக, சுரங்கம்போல இறக்குவதால், கண்ணின் உள் அழுத்தமே உள்ளிருந்து தள்ளி வாயை மூடிவிடுகிறது. பெரும்பாலும் தையலே கிடையாது. அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மூடியிருக்கிறது என்றால் ஆறிவிட்டது என்று பொருளில்லை. முதல் சில நாட்களில் கண்ணைக் கசக்கினால், அழுத்தம் வெளியிலிருந்து வந்து அந்த வாய் திறந்துகொள்ளும். கசக்கிய கையை எடுக்கும்போது, இமையில் இருக்கும் கிருமியோடு கண்ணீர் உள்ளே போக வழி கிடைத்துவிடும். தூங்கும்போது பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். கை தானாகக் கண்ணுக்குப் போவது தூக்கத்தில்தான்.

தலைக்குக் குளிக்க வேண்டாம் என்பதும் இதே காரணத்தால். கழுத்துக்குக் கீழே தாராளமாகக் குளிக்கலாம். முகத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். குளத்துத் தண்ணீர், சீயக்காய், அடுப்புப் புகை, கண்மை எல்லாம் டாக்டர் சொல்லும்வரை விலகியிருக்கட்டும். களத்து வேலைக்கும் தண்ணீர்க் குடம் தூக்கவும் போகலாமா என்பதை மறுபரிசோதனையின்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளே ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அன்றைய கூலியை விட முடியாத வீட்டில் அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு ஆட்டைப் பார்த்துக்கொள்ள மகனோ பக்கத்து வீட்டாரோ முன்வந்தால், அது மருந்துக்குச் சமம்.

இனி சொட்டு மருந்து. இந்த அத்தியாயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

வழக்கமாக இரண்டு வகை தருவார்கள். கிருமியைத் தடுப்பது ஒன்று, சில நாட்களோடு நின்றுவிடும். உள்ளே ஏற்படும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மற்றொன்று. அதை முதல் வாரம் நாளைக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து என்று வாரா வாரம் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். எண்ணிக்கை ஒவ்வொரு மருத்துவருக்கும் மாறும், உங்கள் சீட்டில் இருப்பதே உங்களுக்குச் சரி. "நல்லாத்தான் தெரியுது, இனி எதுக்கு" என்று பாதியில் நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும். "இது போட்டா சொகமா இருக்கு" என்று கடையில் மறுபடி வாங்கி மாதக்கணக்கில் போட்டால், கண் அழுத்தம் ஏறி நரம்பே பாதிக்கப்படலாம். இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசம்.

போடும் விதமும் முக்கியம். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரியவரைப் படுக்க வைத்து, மோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையைக் கன்னத்தோடு சேர்த்து மெல்ல இறக்கினால் சிறு பை போல இடம் கிடைக்கும். அதில் ஒரே சொட்டு. கண்ணால் ஒரு சொட்டையே முழுதாகத் தாங்க முடியாது, இரண்டாவது கன்னத்தில் வழிந்து வீணாகும். பாட்டிலின் மூக்கு இமையிலும் படக் கூடாது, முடியிலும் படக் கூடாது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் ஒரு நிமிடம் லேசாக அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. கை நடுங்குகிற, தனியாக வாழ்கிற பெரியவரால் இத்தனையும் செய்ய இயலாது. பேரன் பேத்தி யாராவது ஒருவர் பெயரைச் சீட்டிலேயே எழுதி, போடப் போட டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

இத்தனை எச்சரிக்கையும் ஒரே எதிரிக்காக. கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. வந்தால் இரண்டே நாளில் பார்வையைப் பறித்துவிடக் கூடியது. ஆனால் அரிது. ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃபிளாக்சசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவர்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்களை வைத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதபோது பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்த தொற்று, செலுத்தியபோது இரண்டு பேராகக் குறைந்திருந்தது.

வீண் பயங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். கத்தரிக்காய், மீன், தயிர் என்று பத்தியம் எதுவும் தேவையில்லை. சர்க்கரை நோயாளி சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்வதே உண்மையான பத்தியம். டிவி பார்ப்பதால் லென்ஸ் நகராது. முதல் சில நாள் உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம் எல்லாம் இயல்பு. மோனேவை வதைத்த நீலமும் இப்போது பலருக்குத் தெரிகிறது. மஞ்சள் லென்ஸ் தடுத்து வைத்திருந்த நீல ஒளி உள்ளே வருவதுதான் காரணம், கொஞ்ச நாளில் மூளை பழகிக்கொள்ளும். வழக்கமான லென்ஸ் தூரத்துக்குத்தான் என்பதால், சுமார் ஒரு மாதம் கழித்துப் பேப்பர் படிக்கக் கண்ணாடி எழுதித் தருவார்கள். அது ஆபரேஷன் சரியில்லை என்பதற்கு அடையாளமல்ல.

சில மாதமோ சில வருடமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "புரை திரும்ப வந்துடுச்சு" என்று ஊரில் சொல்வார்கள். எடுத்த புரை திரும்பாது. லென்ஸைத் தாங்கும் பின்பக்கச் சவ்வு தடித்திருக்கும். மோனே மறுபடி கத்திக்குத் தலை கொடுத்தது இதற்காகத்தான். இன்று யாக் லேசரால் சில நிமிடங்களில், வெட்டில்லாமல், சவ்வில் வழி செய்துவிடுகிறார்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தால் நாலு விஷயத்தைத் தினமும் கேளுங்கள். வலி அதிகமாகிறதா? சிவப்பு கூடுகிறதா? நேற்றைவிட இன்று மங்கலாகத் தெரிகிறதா? சீழோ, மின்னல் வெட்டுப்போல ஒளியோ, திரை விழுந்ததுபோல இருட்டோ உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், விடியட்டும் என்றோ, மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்றோ காத்திருக்க வேண்டாம். மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரி எண்ணுக்குப் பேசிவிட்டு, இரவு பத்து மணியானாலும் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

(தொடரும்)