இடஞ்சுட்டும் தொடர்கள்: நேர்ப்பொருளும் குறிப்புப்பொருளும்

ஒரு பொருள் எங்கே இருக்கிறது, ஒரு செயல் எங்கே நடக்கிறது என்பதைக் காட்டும் சொற்றொடர் இடஞ்சுட்டும் தொடர் ஆகும். தமிழில் இது ஏழாம் வேற்றுமை உருபுகளாலும் மேல், கீழ், உள், புறம் போன்ற சொற்களாலும் அமைகிறது. ஆங்கிலத்தில் இன், ஆன், அட், அண்டர் போன்ற முன்னிடைச்சொற்கள் இப்பணியைச் செய்கின்றன. இரு மொழிகளிலும் இத்தொடர்கள் இடத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. "ஆரணி ஆற்றின் கரையில் ஊர் இருக்கிறது" என்பது நேர்ப்பொருள். "இரண்டு பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டார்" என்பதில் ஆறும் இல்லை, கரையும் இல்லை. இது குறிப்புப்பொருள்.

எது நேர்ப்பொருள், எது குறிப்புப்பொருள் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தொடரை நோக்கி "எங்கே?" என்று கேட்டுப் பார்க்கலாம். "கோப்பு அலமாரியில் இருக்கிறது" என்றால் எந்த அலமாரி என்று கேட்கலாம். "கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்" என்றால் கிடப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது" என்பதில் தெருவின் பெயரைக் கேட்பவர் சொன்னதைப் புரிந்துகொள்ளாதவர்.

தமிழ் இலக்கணத்தில்

இடப்பொருள் என்பது தரையில் உள்ள இடம் மட்டுமன்று என்பதைத் தமிழ் இலக்கண நூல்கள் முன்பே உணர்ந்திருந்தன. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குரியதாக நிலத்தோடு வினை நிகழும் இடத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆகிய ஆறுமே இடமாக நிற்கும் என்கிறது. அதனால்தான் "மார்கழியில்" என்று காலத்தையும் "பேச்சில் இனிமை" என்று தொழிலையும் இடம்போலவே சொல்ல முடிகிறது. உருபுகளிலேயே இன்னொரு வியப்பு உண்டு. கண், கால், தலை, வாய் ஆகியவை இடப்பொருள் உருபுகளாகவும் வருகின்றன. அவை உடலுறுப்புகளின் பெயர்களாகவும் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் மலையின் அடிவாரத்தை மலையின் 'ஃபுட்' என்கிறார்கள்.

பேச்சுத் தமிழில் இந்த மாற்றம் இன்னும் துணிச்சலாக நடக்கிறது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவர் பெரும்பாலும் மனைவியையோ கணவரையோ கேட்கப்போகிறார். "மேலிடம்" என்பது மாடி அன்று. "மடியில் கனம்" என்பதில் எடைக்கல் வேண்டியதில்லை.

ஊர்ப்பெயர் பொருளாவதும் அமைப்பு ஊராவதும்

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி ஒரு பேரூராட்சி. பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி வேறு. அது திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. "ஆரணி எடுத்தாள்" என்று ஒருவர் சேலைக்கடை பற்றிச் சொன்னால் அது அந்த ஊரையும் குறிக்கவில்லை, ஆரணிப் பட்டையே குறிக்கிறது. இடத்தின் பெயர் அங்கே விளைந்த பொருளுக்கு ஆகிவருவதை இடவாகுபெயர் என்பர்.

இதற்கான சிறந்த எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. ஆரணி ஆறு ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டில் கடலை அடைகிறது. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். அங்கிருந்து கப்பலேறிய வண்ணத் துணிக்கும் அதுவே பெயராயிற்று. ஆங்கில அகராதிகளில் 'புலிகாட்' என்பது ஒருவகைக் கைக்குட்டை. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். அதைக் கட்டியிருப்பவருக்கு அது வங்கக்கடலோரத்து ஓர் ஊரின் பெயர் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான திசையிலும் சொற்கள் நடக்கின்றன. தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் 1971-இல் தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே சிப்காட். ஆனால் கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டாரத்தில் "பையன் சிப்காட்டில் வேலை செய்கிறான்" என்றால் அவன் அந்தக் கழகத்தின் ஊழியன் என்று பொருள் இல்லை. தொழிற்பேட்டைக்குள் ஏதோ ஓர் ஆலையில் இருக்கிறான் என்பதே பொருள். ஒரு நிறுவனத்தின் பெயர் இடப்பெயராகி, அதன்மேல் ஏழாம் வேற்றுமை உருபும் ஏறிவிட்டது.

ஆங்கிலத்தில்

தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது 'த' என்ற சிறு சொல்லில். பிரித்தானிய வழக்கில் ஒருவர் 'இன் ஹாஸ்பிடல்' என்றால் அவர் நோயாளி. 'இன் த ஹாஸ்பிடல்' என்றால் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார். அவர் செவிலியராகவோ பார்வையாளராகவோ இருக்கலாம். 'கோ டு சீ' என்றால் மாலுமியாவது. 'கோ டு த சீ' என்றால் கடற்கரைக்குப் போவது. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'இன் த ஹாஸ்பிடல்' என்றே சொல்வதால் குழப்பம் கூடுகிறது. தமிழில் 'த' போன்ற சொல் இல்லை. "ஆசுபத்திரியில் இருக்கிறார்" என்று செவிலியரின் வீட்டார் சொன்னால், கேட்பவர் "உடம்புக்கு என்ன?" என்று பதறுவது அதனால்தான்.

'அட் சீ' என்பதற்குக் கடற்பயணத்தில் என்றும் திசை தெரியாமல் திகைத்த நிலையில் என்றும் இரு பொருள் உண்டு. 'இன் த டார்க்' என்பதும் அப்படியே. விளக்கு அணைந்த அறையிலும் இருக்கலாம், செய்தி சொல்லப்படாமலும் இருக்கலாம். ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் இருவரும் 1980-இல் வெளியிட்ட நூலில், மேல் என்பது மிகுதியையும் நன்மையையும், கீழ் என்பது குறைவையும் தீமையையும் குறிக்கும் வழக்கம் மனித உடலின் அனுபவத்திலிருந்தே வருகிறது என்று வாதிட்டனர். "விலை ஏறியது", "மதிப்பெண் இறங்கியது" என்னும் தமிழரும் இதற்குச் சான்று.

இந்திய ஆங்கிலத்துக்கே உரியது 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகள் பணியமர்ந்து தங்கிய இடம் 'ஸ்டேஷன்' எனப்பட்டது. அதைவிட்டு வெளியே போனவர் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. இன்று அது வெறுமனே ஊரில் இல்லை என்பதுதான். இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே நிற்பதாக நினைக்கக்கூடும்.

ஆலைத் தளத்தில்

தொழிற்சாலையில் இந்த வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. 'லைன் ஆஃப் ஃபயர்' என்ற தொடர் துப்பாக்கிக் குண்டு பாயும் பாதையிலிருந்து வந்தது. அலுவலகத்தில் அது கண்டனத்துக்கு ஆளாகும் நிலை. ஆலைப் பாதுகாப்புப் பயிற்சியில் அது மீண்டும் உண்மையான இடமாகிறது. இழுபட்டு நிற்கும் சங்கிலி அறுந்தால், சாணைக்கல் உடைந்தால், அழுத்தமுள்ள குழாய் கழன்றால், அடி விழும் பாதை அது. 'ஃபயர்' என்பதை மட்டும் கேட்டுத் தீ என்று கொள்பவர், தீயே இல்லாத இடத்தில் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துச் சங்கிலிக்கு நேராக நிற்பார். "அடிபடும் பாதையில் நிற்காதே" என்று எழுதினால் குழப்பம் இல்லை.

'அண்டர் லோடு' என்பதும் இத்தகையது. மோட்டார் 'அண்டர் லோடு' ஓடுகிறது என்றால் அது வேலைப்பளுவோடு ஓடுகிறது. கிரேன் அருகே 'லோடு' என்றால் தலைக்குமேல் தொங்கும் இரும்பு. அதன் கீழே நிற்கக்கூடாது என்பதில் 'கீழே' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

1989-ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள் விதிகள் இரண்டு திட்டங்களைக் கேட்கின்றன. பெரும் விபத்து நேரக்கூடிய ஆலையின் உள்ளே செய்ய வேண்டியதைச் சொல்லும் 'ஆன்-சைட்' அவசரத் திட்டம் ஆலை நடத்துபவரின் பொறுப்பு. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வேண்டும். 'ஆஃப்-சைட்' திட்டம் மாவட்ட நிருவாகத்தின் பொறுப்பு. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை வேண்டும். சென்னை மென்பொருள் நிறுவனங்களில் 'ஆஃப்-சைட்' என்றால் ஊழியர்கள் விடுதிக்குப் போய் நடத்தும் கூட்டம். விதிகளில் அந்தச் சொல் மதிற்சுவருக்கு வெளியே உள்ள இடத்தைக் குறிக்கிறது. அங்கே இருப்பவை வீடுகளும் பள்ளிகளும் வயல்களும். ஒத்திகை பற்றிய அறிவிப்பில் அந்த ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தால், அது தங்களுக்கானது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.