ஹார்பின்ல போன் ஆஃப் ஆனா என்ன பண்றது?

மாண்டரின் கத்துக்க பெய்ஜிங் போகலாமா, ஷாங்காய் போகலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என்னைக் கேட்டா ரெண்டும் வேணாம், ஹார்பின் போங்க. சீனாவோட வடகிழக்குல, ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தோட தலைநகர். பெய்ஜிங்லேர்ந்து அதிவேக ரயில்ல சுமார் 5 மணி நேரம்.

அதிகாரபூர்வ மாண்டரின் உச்சரிப்பு பெய்ஜிங் பேச்சை அடிப்படையா வச்சதுதான். ஆனா பெய்ஜிங் டாக்சி டிரைவர் பேசினா பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போயிடும். ஹார்பின் பேச்சு எனக்கு கிளாஸ் ஆடியோ மாதிரி தெளிவா கேட்டுச்சு. நமக்கு ஒரு லாபமும் இருக்கு. மனுஷனுக்கான சீனச் சொல்லை 'ரென்'னு படிப்போம். அந்த முதல் ஒலி 'ர' இல்ல, நம்ம 'ழ'வுக்குப் பக்கம். வாழைப்பழத்தை ஒழுங்கா சொல்ற நாக்குக்கு அது பாதி வேலை முடிஞ்ச மாதிரி. (வாயப்பயம்னு சொல்றவங்க கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணுங்க.)

உச்சரிப்பு சரி, சொற்கள்தான் ஏமாத்தும். 'என்ன'வுக்கு புத்தகத்துல 'ஷன்ம'ன்னு இருக்கும், தெருவுல 'ஷா'. கூடவே ரஷ்ய வாசனை. 1898-ல ரஷ்யர்கள் ரயில்பாதை போட வந்தப்பதான் இது நகரமா வளர ஆரம்பிச்சுது. 1917 புரட்சிக்கு அப்புறம் அகதிகளா இன்னும் பல ரஷ்யர்கள் வந்தாங்க. அதனால இங்க பெரிய உருண்டை ரொட்டிக்குப் பேரு 'லியேபா'; ரொட்டிக்கான ரஷ்யச் சொல் 'க்லெப்'லேர்ந்து வந்தது. வெங்காய வடிவக் கூரையோட நிக்கிற புனித சோஃபியா தேவாலயமும் அவங்க விட்டுப்போனதுதான்.

இப்ப என் கதை. ஜனவரி, மைனஸ் 25 டிகிரி. 1924-ல கல் பதிச்ச ஜோங்யாங் தெருவுல நடக்கறேன். அந்தக் குளிர்லயும் ஜனங்க குச்சி ஐஸ் சாப்பிடுவாங்க. கடைக்கு ஃப்ரீசரே வேணாம், அட்டைப்பெட்டியில வெளிய வச்சிருப்பாங்க. நானும் ஒண்ணு வாங்கி ஒரு கடி கடிச்சுட்டு, காசு கட்ட போனை எடுத்தா ஸ்கிரீன் கறுப்பு. குளிர்ல பேட்டரி படுத்துடுச்சு. சீனாவுல பர்ஸும் அதுதான், மேப்பும் அதுதான், மொழிபெயர்ப்பு ஆப்பும் அதுதான். கையில ஒரு யுவான் இல்ல. ஹாஸ்டலுக்கு வழியும் தெரியாது. விரல் மரத்துப்போகுது.

"ஷோஜி மெய் தியென் ல", போன்ல சார்ஜ் இல்லன்னு உளறினேன். கடைக்கார அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ட்ஸா ஜெங் ஆ?"ன்னாங்க. முழிச்சேன். 'என்ன பண்றது'ன்னு கேட்க 'ட்ஸன்ம பான்'னுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாங்க. அவங்க கையை விரிச்சுக் காட்டினதும் புரிஞ்சுடுச்சு. உள்ள கூட்டிட்டுப் போய் ஹீட்டர் பக்கத்துல உட்கார வச்சு, போனை சார்ஜ்ல போட்டாங்க. அடுத்த அரை மணி நேரம் எந்த ஊரு, சம்பளம் எவ்ளோ, கல்யாணம் ஆச்சான்னு கேள்வி மேல கேள்வி. ஒரு செமஸ்டர்ல நான் பேசாத மாண்டரினை அன்னைக்குப் பேசினேன்.

பனித் திருவிழா பார்க்கணும்னா ஜனவரி 5-க்கு அப்புறம் போங்க. சோங்ஹுவா ஆத்துல வெட்டி எடுத்த ஐஸ்ல கோட்டையே கட்டியிருப்பாங்க. பிங்ஃபாங்ல, ஜப்பான் ராணுவத்தோட 731 பிரிவு மனுஷங்க மேல கொடூர சோதனை நடத்தின இடம் இப்ப அருங்காட்சியகம். அதுக்கு அரை நாள் தனியா ஒதுக்குங்க, அன்னைக்கு வேற பிளான் வேணாம்.

போனை உள்சட்டைப் பையில, உடம்போட ஒட்டி வைங்க. நூறு யுவான் நோட்டு ஒண்ணு கூடவே.