கணிப்பொறி வாணிபமும் தெளிந்த நடையும்

மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாள் என்னும் பகுதி இருக்கின்றது. ஏரியும் தொழிற்பேட்டையும் அடுத்தடுத்து அமைந்த இடம். 1981-ஆம் ஆண்டில் புணே நகரில் எழுவர் கூடித் தொடங்கிய இன்போசிஸ் நிறுவனம், தன் மாபெரும் பயிற்சி நிலையத்தை இங்கேதான் அமைத்திருக்கின்றது. கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து, மாதக் கணக்கில் தங்கிப் பயின்று செல்கின்றனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் பலர். நிரல் எழுதக் கற்பதற்காக வந்து, பின்னர் நிறுவனங்களின் சரக்கை விளக்கும் எழுத்துப் பணியில் அமர்வோரும் உண்டு. அப்பணியைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய்வோம்.

துணி வாங்குவோர் தொட்டுப் பார்க்கலாம். அரிசி வாங்குவோர் கையில் அள்ளிப் பார்க்கலாம். கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளோ கண்ணுக்குப் புலப்படாத சரக்கு. அதனை வாங்க வருவோர்க்கு முதலில் கிடைப்பது அதைப் பற்றிய எழுத்து ஒன்றே. அவ்வெழுத்து மங்கலாயின் சரக்கும் மங்கலே. ஆயினும் இத்துறையின் விளம்பரங்களைப் படிப்போர் பெரும்பாலும் காண்பது யாது? ‘எண்ட்-டு-எண்ட் சொல்யூஷன்’, ‘சீம்லெஸ்’, ‘ஸ்கேலபிள்’ என்னும் சொற்களின் ஊர்வலமே. இவற்றைத் தமிழாக்கி ‘ஒருங்கிணைந்த தடையற்ற தீர்வு’ என்று எழுதினாலும் நிலை மாறுவதில்லை. எதற்குத் தீர்வு, எவருடைய இடர்ப்பாட்டிற்குத் தீர்வு என்பது சொல்லப்படாமலே போகின்றது.

இன்போசிஸ் நிறுவனத்தாரின் ‘பினக்கிள்’ என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பல நாட்டு வங்கிகள் அதனைக் கையாளுகின்றன. அது யாது என்று வினவினால், துறையறிந்தோர் ‘கோர் பேங்கிங்’ என இரு சொற்களில் முடித்துவிடுவர். துறை அறியாத நமக்கு அது போதாது. முன்னாளில் ஒருவருடைய வங்கிக் கணக்கு, அதனைத் தொடங்கிய கிளையின் பேரேட்டிலேயே கிடந்தது. திருநெல்வேலிக் கிளையில் உள்ள தாயாரின் கணக்கில் மைசூரிலிருந்து பணம் சேர்க்க விரும்பிய மகன், வரைவோலை எடுத்துத் தபாலில் அனுப்பிவிட்டு, அது வரவாகும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான். எல்லாக் கிளைகளின் பேரேடுகளையும் ஒரே கணிப்பொறி அமைப்பில் வைத்த பின்னர், அவ்வங்கியின் ஹெப்பாள் கிளையில் கட்டிய பணம் தாயாரின் கணக்கில் உடனே ஏறுகின்றது. வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? மென்பொருளின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இதில் இல்லை. அதனால் வாழ்வில் நேர்ந்த மாற்றமே இருக்கின்றது.

விளம்பரக் கலையில் பெயர் பெற்ற டேவிட் ஓகில்வி 1958-இல் ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டாருக்கு எழுதிய தலைப்பு இன்றும் பேசப்படுகின்றது. ‘இவ்வண்டி ஓசையற்றது’ என்று அவர் எழுதவில்லை. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது உள்ளே கேட்கும் பெரிய ஓசை கடிகாரத்தின் ஓசையே என்றார். அச்செய்தி அவருடைய கற்பனையன்று. மோட்டார் இதழ் ஒன்றின் சோதனைக் கட்டுரையில் இருந்தது. தேடிப் படித்தமையால் அவருக்குக் கிட்டியது. 2001-இல் ஆப்பிள் நிறுவனத்தார் தம் பாட்டுப் பெட்டியை வெளியிட்டபோதும், அதன் கொள்ளளவு 5 ஜிகாபைட் என்பதை முன்னிறுத்தாமல், சட்டைப்பையில் 1,000 பாட்டுகள் என்றே கூறினர். எண் இரண்டிலும் உண்டு. மனத்தில் நிற்பது இரண்டாவதே.

நம் பக்கத்து ஊரான பெங்களூரிலேயே நல்ல சான்று இருக்கின்றது. 1986-இல் அங்குத் தோன்றிய நிறுவனத்தின் ‘டாலி’ என்னும் கணக்கு மென்பொருளை அறியாத கடைக்காரர் அரியர். சியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், தம் கணக்கிற்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், தம் மகன் பாரத் கோயங்காவையே எழுதச் செய்தார். கணக்குகளைக் குறியீட்டு எண்களால் அல்லாமல், பெயராலேயே வைத்துக்கொள்ளும் முறை அதிற் கையாளப்பட்டது. லெட்ஜர், வவுச்சர் என வணிகர் நாவில் முன்பே பழகிய சொற்களே திரையிலும் வந்தன. எளிமையே அதன் வலிமை என்னும் பொருள்பட அந்நிறுவனத்தார் விளம்பரமும் செய்தனர். சரக்கே தெளிவாக இருந்தமையால் விளம்பரத்திற்கு அணி தேவைப்படவில்லை என்பது நம் கருத்து.

தெளிவின்மையால் விளையும் இழப்பு யாருடையது? 2017 ஜூலை 1 முதல் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மாதந்தோறும் 3-பி படிவம் தாக்கல் செய்யும் வணிகர், மறு மாதம் 20-ஆம் தேதியைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். நிற்கும் வரிக்கு வட்டியும் உண்டு. ‘வரிப் பணி முழுவதும் தானே நடைபெறும்’ என்னும் விளம்பரத்தை நம்பி மென்பொருள் வாங்கிய சிறு பட்டறை முதலாளியை எண்ணிப் பாருங்கள். அது படிவத்தை நிரப்பித் தரும்; அனுப்பும் பொறுப்பு அவருடையதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் தப்பியிருப்பார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், திரித்துக் கூறும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. ஆயின் வாணிப நோக்கத்திற்காக வாங்குவோரை அச்சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலால் பிழைப்போர்க்கே விலக்குண்டு. ஆகவே நிறுவனங்களுக்கு விற்கும் சரக்கைப் பற்றி எழுதுவோரின் நேர்மை, வாங்குவோர்க்கு இன்னும் பெரிய காவலாகின்றது.

‘கிளவுட்’ என்பதை ‘மேகம்’ என்று பெயர்த்துவிட்டு அமைதியடைவோர் உளர். அதைவிட, ‘உங்கள் கணக்கு வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறிக் கூடத்தில் இருக்கும், இணையம் உள்ள இடமெல்லாம் அதைப் பார்க்கலாம், இணையம் அறுந்தால் பார்க்க இயலாது’ என எழுதுவது நன்று. மூன்றாவது வாக்கியத்தை விற்பனைத் துறையினர் அடித்துவிட முயல்வர். அங்கேதான் எழுதுவோர் சற்று வாதாட வேண்டும்.

புதிய பொருளுக்குப் புரியும் சொல் தேடுவது மைசூருக்குப் புதிதன்று. 1935-இல் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, இந்நகரில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயரைப் பின்னர் அகில இந்திய வானொலியே மேற்கொண்டது. அலைவரிசையின் இலக்கணம் அறியாத மூதாட்டிக்கும், வானிலிருந்து வரும் குரல் என்றால் விளங்கியிருக்கும்.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நம்மவர்க்கு இதில் ஓர் இயற்கையான பயிற்சி உண்டு. மளிகைக் கடையில் கன்னடமும், அலுவலகத்தில் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசுவோர், கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை நாள்தோறும் பெறுகின்றனர். எழுத அமரும்போது மட்டும் அதனை மறத்தல் ஏன்? எழுதியதை ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டலாம். ‘இதை என் பழைய கணக்கோடு சேர்க்க முடியுமா? ஆளுக்கு எவ்வளவு ஆகும்? கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?’ என்று அவர் கேட்பார். அவ்வினாக்களின் விடைகள் தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்தால், அவற்றை முதற்பக்கத்திற்குக் கொண்டுவந்து மீண்டும் படித்துக் காட்டுக.