கைப்பிடி மண்ணில் காய்கனி

தமிழர் வீடுகளின் பின்புறத்தில் கொல்லை என்றோர் இடம் இருந்தது. கிணற்றடியில் வழிந்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. கூரைமீது சுரையும் பூசணியும் படர்ந்தன. முருங்கையும் கறிவேப்பிலையும் அடுக்களைக்கு எட்டும் தொலைவில் நின்றன. இன்று நிலை வேறு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் 48 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறங்களில் வாழ்கின்றனர். அவர்களுள் பலருக்குக் கொல்லை இல்லை; மொட்டைமாடியோ பால்கனியோ சன்னலோரமோதான் உண்டு. அந்தச் சிறிய இடத்திலும் கறிகாய் விளைவிக்க வழிசெய்பவையே தொட்டிகளும் மேட்டுப்பாத்திகளும் ஆகும்.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை, வளர்பைகள், தென்னைநார்க் கழிவு, விதைகள் முதலியவை அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் வழங்கியபின் இம்முயற்சி மேலும் பரவியது. ஆயினும், ஆர்வத்துடன் தொடங்கப்பெற்ற மாடித்தோட்டங்கள் பல முதற்கோடையிலேயே வாடிவிடுகின்றன. அதற்குக் காரணம் உழைப்பின்மை அன்று. தொட்டியின் இயல்பை அறியாமையே ஆகும்.

வேரும் எல்லையும்

நிலத்தில் வளரும் செடி, நீர் குறைந்தால் வேரை ஆழமாகச் செலுத்தும். சத்து குறைந்தால் பக்கவாட்டில் பரப்பும். தொட்டிச் செடிக்கு அந்த உரிமை இல்லை. தொட்டியின் சுவரே அதன் உலகத்தின் எல்லை. நிலத்தில் வேர் தானே தேடிக்கொள்வதைத் தொட்டியில் மனிதர் தேடிக் கொடுத்தல் வேண்டும். தொட்டி வேளாண்மையின் விதிகள் அனைத்தும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

ஆகவே, முதலில் கருதத்தக்கது ஆழம். சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றிற்கு அரை அடி ஆழம் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை ஆகியவற்றிற்கு ஓரடி வேண்டும். எலுமிச்சை, கொய்யா, மாதுளை போன்ற பழமரங்களுக்கு ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை ஆழமுள்ள பெருந்தொட்டியோ, பாதியாக அறுத்த பீப்பாயோ தேவை. பழமரங்களைப் பொறுத்தவரை, விதையிலிருந்து முளைத்த கன்றினும் ஒட்டுக்கன்றோ பதியன்கன்றோ விரைவில் காய்க்கும்.

மண்ணும் எடையும்

வயல்மண்ணை மட்டும் தொட்டியில் இட்டால், நீர் ஊற்ற ஊற்ற அது இறுகிவிடும். வேருக்குக் காற்று கிட்டாது. செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். தென்னைநார்க் கழிவு எடை குறைந்தது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்க வல்லது. அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசியபின் கலத்தல் நன்று.

எடையைக் கருதாமல் மாடியில் மண் நிரப்புதல் பேரிடருக்கு இடமளிக்கும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஓரடி உயரத்திற்கு ஈரமண் நிரப்பினால், அதன் எடை ஏறத்தாழ 500 கிலோ ஆகும். மக்கள் நடமாடும் மாடித்தளத்திற்கு இந்தியத் தரநிலை கணக்கிடும் கூடுதற்சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. ஆதலின், முழுவதும் மண்ணால் ஆன பாத்திகளை மாடியில் அமைத்தல் ஆகாது. எடை குறைந்த கலவையை நிரப்பிய பைகளை, சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் இடைவெளிவிட்டு வைத்தல் வேண்டும். பழைய கட்டடமாயின் பொறியாளரின் கருத்தை அறிதல் இன்றியமையாதது. பைகளைத் தரையில் படியவிடாமல் தாங்கிகளின்மேல் வைத்தால், தளத்தில் நீர்க்கசிவு ஏற்படாது.

நீரும் உரமும்

தொட்டியின் அடியில் துளைகள் இருத்தல் கட்டாயம். மண் ஒழுகிப் போகாதவாறு துளைமீது ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தால் போதும். அடியில் சரளைக்கல்லைக் கனமாக இட்டால் நீர் நன்கு வடியும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில், கல்லுக்கு மேலுள்ள மண் நீரால் நிறைந்த பின்னரே நீர் கீழிறங்கும். வேருக்குரிய ஆழம் குறைவதே மிச்சம்.

நீரின் அளவை நாட்கணக்கில் வரையறுக்க இயலாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் செலுத்திப் பார்க்க, ஈரம் இருந்தால் நீர் வேண்டா, காய்ந்திருந்தால் ஊற்றலாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலையும் மாலையும் ஊற்ற நேரிடும். அக்காலத்தில் நிழல்வலை கட்டுவதும், சருகால் மண்ணை மூடுவதும் வேரைக் காக்கும். ஊற்றும் நீரோடு சத்தும் துளைவழியே வெளியேறுவதால், உரத்தை ஒரேமுறை மிகுதியாக இடாமல், சிறிது சிறிதாக இரு வாரங்களுக்கு ஒருமுறை இடுதல் சிறப்பு. காய்கறித் தோலும் வாடிய பூவும் உதிர்ந்த சருகும் மக்கி அந்த உரமாகும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். அதனை அவ்வப்போது கவிழ்த்துவிடுதல் வேண்டும்.

பூவும் பூச்சியும்

பூசணி, பீர்க்கு, பாகல் ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலரும். உயர்ந்த அடுக்ககங்களின் மாடிகளுக்குத் தேனீக்களின் வரவு குறைவு. அதனால், பூத்தும் காய்க்காமல் பிஞ்சுகள் உதிர்வதுண்டு. ஆண்பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவினால் காய் பிடிக்கும். பூசணிக்குக் காலையிலும், மாலையில் மலரும் பீர்க்குக்கு மாலையிலும் இதனைச் செய்தல் வேண்டும்.

அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றிற்கு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். எல்லாப் பூச்சியும் பகையல்ல. அசுவினியை உண்ணும் பொறிவண்டு உழவரின் தோழன்.

மேட்டுப்பாத்தி

வீட்டைச் சுற்றிச் சிறிதளவு தரை உள்ளோர்க்கு மேட்டுப்பாத்தி ஏற்றது. செங்கல்லாலோ மரச்சட்டத்தாலோ ஓரடி உயரத்திற்கு வரம்பு கட்டி, மண்ணும் மக்கு உரமும் நிரப்புவதே மேட்டுப்பாத்தி. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதில் நீர் தேங்காது, வேர் அழுகாது. அகலம் நான்கடியைத் தாண்டாதிருந்தால், இருபுறமும் நின்று கையால் எட்டலாம். பாத்தியில் காலை வைத்து மண்ணை இறுக்க நேராது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, கியூபாவிற்கு அங்கிருந்து வந்த எரிபொருளும் உரமும் நின்றன. உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. தலைநகர் அவானாவின் மக்கள், வெற்று மனைகளில் வரம்பு கட்டிய பாத்திகளை அமைத்து, மக்கு உரமிட்டுக் கீரையும் காய்கறியும் விளைவித்தனர். 'ஆர்கனோபோனிக்கோ' என்னும் அத்தோட்டங்கள் நகரின் பசிக்குத் துணைநின்றன.

அளவறிந்து பயிரிடல்

மாடித்தோட்டம் ஒரு குடும்பத்தின் உணவுத் தேவை முழுவதையும் நிறைவு செய்யாது. ஒருவர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்களும் பழங்களும் உண்ணல் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நால்வர் குடும்பத்திற்கு அது 1,600 கிராம். பத்துப் பைகள் நாள்தோறும் அவ்வளவு தாரா. ஆனால், விதைத்த 25 நாட்களில் அறுக்கத்தக்க சிறுகீரை, பல மாதங்கள் காய்க்கும் மிளகாயும் கத்தரியும், எப்போதும் தழைக்கும் கறிவேப்பிலை ஆகியவற்றை அவை தரும். வாரத்திற்கு ஒரு பையாக முறைவைத்து விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

சந்தையில் வாங்கும் தக்காளியின் விலையை மட்டும் அறிந்தவர், ஒரு தக்காளியைத் தாமே விளைவித்தபின் அதன் பின்னுள்ள நாட்களையும் அறிவர். மழை பொய்த்தால் ஓர் உழவரின் இழப்பு எத்தகையது என்பது, ஒரு தொட்டிச் செடி வாடக் கண்டவருக்கு எளிதில் விளங்கும். கைப்பிடி மண் தரும் விளைச்சலுள் அந்த அறிவும் ஒன்று.