மே மாதத்தில் டயான்தஸ் வாங்காதீங்க!

மலர்க் காட்சி பார்க்க மே மாதம் ஏற்காடு வரும் சகோதரிகள் பலர், பூத்துக் குலுங்கும் டயான்தஸ் தொட்டியோடு சேலம் இறங்குகிறார்கள். கீழே அந்த வெயிலில் தாங்குமா? காசுதான் தண்டம். எங்கள் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம். இந்தச் செடிக்கு அந்தக் குளுமை வேணும். சமவெளியில் அக்டோபரில் விதை போடுங்க, தை மாதம் பூக்கும்.

கார்னேஷனும் இதே இனம்தான். ஆனால் நெட்டையாக வளர்ந்து, குச்சி கட்டச் சொல்லும். வீட்டுக்குக் குட்டையான சைனா டயான்தஸே போதும். செடியாக வாங்கினால் பூவைப் பார்த்து மயங்காமல், அடியில் நாலைந்து கிளை இருக்கான்னு பாருங்க.

மலையில் இருப்பவர்களுக்கு: காபிக்குப் பிடித்த அமில மண் இதற்கு ஆகாது. தொட்டிக்கு ஒரு ஸ்பூன் விவசாயச் சுண்ணாம்பு கலந்துவிடுங்க. தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். வாடிய பூவைக் கிள்ளினால் மறுபடி மொட்டு வரும். வாசனை இல்லையே என்று என் மாமியாருக்குத்தான் குறை!

- ஒரு வாசகி, ஏற்காடு